தோசைக்கல்லும் வடைச்சட்டியும்

எனக்குத் தெரிந்த நிறங்கள் மொத்தம் நான்கு. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். பெயர் லாயிட். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். பிள்ளைகளை இந்த நான்கு அணிகளாகப் பிரித்து ஓடவிடுவதுதான் என் பிழைப்பு. ஐந்தாவதாக ஒரு நிறம் ஓடி வந்து எங்கள் பள்ளியில் கோப்பை வாங்கியதே இல்லை. அதனால் நான்கு நிறத்தோடு உலகம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பியிருந்தேன். ஹெப்பகோடியில் சொந்தமாக ஃபிளாட் வாங்கும் வரைக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

என் மனைவி சிந்தியா ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு வாடகை வீடுதான், எல்லாம் ஈஜிபுராவுக்குள்ளேயே. வீட்டுக்காரர்கள் மாறினார்கள், சட்டம் மட்டும் மாறவில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாடகையையே வாங்குவார். எங்கள் கோயில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கி, காற்றடித்தால் நவம்பரையும் மார்ச்சையும் மாறி மாறிக் காட்டும். கல்யாணத்துக்குச் சிந்தியாவின் அம்மா கொடுத்த வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று இருந்தது. பெரிய படம், பொன்முலாம் பூசிய சட்டம். அது பழைய பெட்ஷீட்டில் சுற்றி பீரோவின் மேல் படுத்தவாக்கிலேயே கிடந்தது. திருவிழாவுக்குத் திருவிழா சிந்தியா அதை இறக்கித் துடைப்பாள், உதட்டில் ஒற்றி முத்தி செய்வாள், மறுபடியும் ஏற்றிப் படுக்க வைப்பாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ தாயே, நம்ம வீடு வரட்டும்" என்பாள்.

ஒரு டாக்டர் வீட்டுக்கு ஊசி போடப் போனவள், கறுப்பாக ஒரு சுவரையும் அதில் தங்கச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடியையும் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது. நம் வீடு வந்ததும் ஹாலில் ஒரு சுவர் இருட்டு நிறம். அதில் ஒரு ஆணி. ஆணியில் மாதா. அவள் கேட்டது இவ்வளவுதான்.

பெயின்ட் கடையில் இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினார்கள். ஒன்றின் பெயர் 'சைலண்ட் கிராஃபைட்'. இன்னொன்று 'மங்க்ஸ் ஷேடோ', அதாவது துறவியின் நிழல். நான் இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன், நிழலில் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். இரண்டும் ஒரே அட்டையின் இரண்டு பக்கம் மாதிரி இருந்தன. சிந்தியா ஒரே பார்வைதான் பார்த்தாள்.

"இது தோசைக்கல்லு. அது வடைச்சட்டி. நமக்குத் தோசைக்கல்லு போதும்ங்க."

நான் கையில் வைத்திருந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. முடிந்தது என்று நினைத்தேன், மடையன்.

எங்கள் அடுக்ககத்தின் பெயர் 'ஸெரீன் சம்மிட்'. அங்கே செவ்வாய்க்கிழமைகளில் தண்ணீர் வராது. மற்றக் கிழமைகளில் தண்ணீர் வரும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு லிஃப்டில் ஒன்று நான்காவது மாடியில் நின்றுவிட்டது, அதைச் சுற்றி யாரோ ரங்கோலி போட்டிருக்கிறார்கள். ஆனால் தவறான நிறம் ஒன்று அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததாக எதிரிகூடச் சொல்ல முடியாது. காரணம், அங்கே ஒரு 'வண்ண ஒத்திசைவு உட்குழு' இருக்கிறது.

இதை எனக்குச் சொன்னவர் சங்கத்தின் செயலாளர் கவியரசன். சேலத்துக்காரர், எலக்ட்ரானிக் சிட்டியில் பெரிய மேனேஜர். குடிவரத் தேதி சொல்லலாம் என்று போன என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பாட்டில் தண்ணீர்தான்.

"ஸார், உங்க வீட்டு முன்கதவு திறந்திருந்தா காரிடார்ல நிக்குறவருக்கு உங்க ஹால் செவுரு தெரியுது இல்லையா?"

"தெரியும்."

"அப்ப அது பொதுச்செவுரு ஸார். பைலாவுல தெளிவா இருக்கு. வீடு உங்களோடதுதான், அதுல டவுட்டே வேண்டாம். செவுருக்குள்ள இருக்குற செங்கல்லும் உங்களோடதுதான். மேல இருக்குற கலரு மட்டும் கம்யூனிட்டியோடது. ஒத்திசைவுச் சான்றிதழ் இல்லாம சாமான் வண்டியை கேட்டுல உள்ள விடமாட்டாங்க."

"கதவை மூடி வச்சிக்கிறோமே?"

"எல்லாரும் அப்படித்தான் ஸார் வச்சிருக்காங்க. ஆனா என்னைக்காவது திறந்துட்டீங்கன்னா?" அவர் குரலில் உண்மையான பயம் இருந்தது. "இது ஒரு ப்ராஸஸ் ஸார். நாங்க யாரையும் தடுக்கறதுக்கு இல்ல. தடுக்கறது ப்ராஸஸ்தான். நாங்க அதுக்கு ஹெல்ப் பண்றோம்."

எனக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஈஜிபுரா வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் காலிசெய்தே ஆக வேண்டும், அன்று மத்தியானமே அவர் ஆட்கள் வெள்ளையடிக்க வருகிறார்கள். அதே ஞாயிறு, பூசை முடிந்ததும் ஃபாதர் புது வீட்டை மந்திரிக்க வருவதாகச் சொல்லியிருந்தார். நீலசந்திராவில் இருக்கும் சிந்தியாவின் தம்பி எரிக் தன் டெம்போவை அன்றைக்குப் பேசிவைத்திருந்தான். சான்றிதழ் வராவிட்டால் ஈஜிபுராவிலும் வீடில்லை, ஹெப்பகோடியிலும் வீடில்லை, பீரோவோடும் மாதாவோடும் நாங்கள் ஹொசூர் ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் உட்குழுத் தலைவி நிருபமா பார்வையிட வந்தார். குடியிருப்பதே எங்கள் எதிர்வீட்டில்தான். ஆனாலும் காரிடாரைச் சுற்றிக்கொண்டு முறைப்படி லிஃப்ட் பக்கமிருந்து வந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"நோடி லாயிட், நான் சர்வாதிகாரி அல்ல. உங்க செவுருக்கு உங்களுக்கு எது இஷ்டமோ அதை நீங்க செலக்ட் பண்ணலாம். நாங்க செலக்ட் பண்ணினதா அது இருக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்."

சிந்தியா அட்டையைக் காட்டினாள். நிருபமா அதைக் கண்ணருகே கொண்டுபோய், தூரக் கொண்டுபோய், கடைசியில் முகர்ந்தும் பார்த்தார்.

"இதுல அண்டர்டோன் நீலம். மேல கறுப்பு மாதிரி நடிக்குது, உள்ள நீலம். இன்னொண்ணுல அண்டர்டோன் பழுப்பு. லாயிட், நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன தெரியுது?"

"ரெண்டும் கறுப்பா இருக்கு மேடம்."

அவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். சிந்தியா நாடி பிடித்துப் பார்த்தாள். தெளிந்ததும் நிருபமா ஒன்றே ஒன்று சொன்னார். இரண்டு நிறத்தையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குப் பூச வேண்டும், உட்குழு காரிடாரில் நின்று ஒப்பிடும்.

பூசினோம். உட்குழு வந்தது. காலை வெளிச்சத்தில் பார்த்தது, மாலை வெளிச்சத்தில் பார்த்தது. நடப்பவரின் கண்ணுக்கு எப்படி என்று நடந்து பார்த்தது. அவசரமாக ஆபீஸ் போகிறவரின் கண்ணுக்கு எப்படி என்று கவியரசன் லேப்டாப் பையோடு ஓடிப் பார்த்தார். முடிவு எட்டவில்லை. மாதிரி சிறியதாக இருப்பதுதான் காரணம் என்று முடிவு எட்டியது. பெரிதாகப் பூசச் சொன்னார்கள். பெரிதாகப் பூசினோம்.

அதற்குள் விஷயம் வாட்ஸப்பில் ஏறிவிட்டது. கட்டடம் இரண்டாகப் பிளந்தது. துறவியின் நிழலைப் பார்த்தால் மனசு அமைதியாகிறது என்று ஒரு கோஷ்டி, அது பழுப்பர் கோஷ்டி. பழுப்பு என்பது சோம்பேறிகளின் நிறம் என்று ஒரு கோஷ்டி, அது நீலர் கோஷ்டி. நீலர் குழுவிலிருந்து மூன்று பேர் நீக்கப்பட்டு 'ஒரிஜினல் நீலர்' என்று தனியாகத் தொடங்கினார்கள். எங்களுக்கு மேல் மாடியில் ஒரு புருஷன் நீலர், பெண்டாட்டி பழுப்பர். ஒரே வீட்டுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பாடு வரவழைத்தார்கள். லிஃப்டில் என்னைப் பார்த்தால் எவரும் பெயர் கேட்கவில்லை. "நீங்க என்ன அண்டர்டோன்?" என்றுதான் கேட்டார்கள். நான் பள்ளி ஞாபகத்தில் 'மஞ்சள் அணி' என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே நான் வெளியாட்களின் கைக்கூலி என்று பேச்சு.

இதற்கிடையில் தண்ணீர் லாரி கேட்டில் வந்து நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. லாரிக்காரர் ரசீதில் கையெழுத்துப் போட வேண்டிய கவியரசன் என் ஹாலில் மண்டியிட்டு, சுவரைப் பூனை உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வளர்ப்புப் பிராணிகளும் காரிடாரில் நடக்கின்றனவாம். லாரி திரும்பிப் போயிற்று. குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது: 'அண்டர்டோன் ஆய்வு நடைபெறுவதால் தண்ணீர் தாமதமாகும். ஒத்துழைப்புக்கு நன்றி.' அதற்கும் நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

சிந்தியா மட்டும் கொதித்தாள். "குளிக்கத் தண்ணி இல்ல, இதுல செவுத்துக்கு ஜாதகம் பாக்குறாங்களா? வார்டுல உசுருக்குப் போராடுறவனுக்கே ரெண்டு நிமிஷத்துல முடிவு எடுக்கறோம்ங்க!"

வெள்ளிக்கிழமை இரவு பேஸ்மென்ட் பார்க்கிங்கில் அவசரப் பொதுக்குழு கூடியது. கார்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைவர் அச்யுத் மைக்கைப் பிடித்தார். ஏதோ கம்பெனியில் துணைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் கம்பெனி இப்போது இல்லை என்பதை அவரே பெருமையாகத்தான் சொல்வார்.

"நண்பர்களே, இந்தக் கட்டடத்துல நாம தண்ணி இல்லாம இருந்திருக்கோம். லிஃப்ட் இல்லாம இருந்திருக்கோம். போன மழையில இதே பார்க்கிங்ல இடுப்பளவுத் தண்ணியில நின்னு என் காரை நான் தேடியிருக்கேன். ஆனா ஒத்திசைவு இல்லாம ஒரு நாள், ஒரே ஒரு நாள் இருந்திருக்கோமா?"

"இல்லை!" என்று நீலரும் பழுப்பரும் சேர்ந்தே கத்தினார்கள்.

"இன்னைக்கு ஒரு செவுரை அவங்க இஷ்டத்துக்கு விட்டா நாளைக்கு என்ன ஆகும்? ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டை அவங்கவங்க வீடுன்னு நினைக்க ஆரம்பிச்சிடுவாங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். பள்ளியில் ஆண்டுவிழாக்களில் நின்று பழகிய கை, பேச்சு முடிந்தால் தானாகத் தட்டிவிடும். சிந்தியா என் தொடையில் கிள்ளினாள்.

அதற்குப் பிறகு, வெளியிலிருந்து வரவழைத்த ஒரு வண்ண ஆலோசகர் பேசினார். சுவர்முன் கண்ணை மூடி உட்கார்ந்து அது சொல்வதைக் கேட்டாராம். தோசைக்கல் அவரிடம் ஏதோ வருத்தமாகச் சொல்லியிருக்கிறது, வடைச்சட்டி பேசவே மறுத்துவிட்டதாம். பேசாத சுவரின்மேல் நம்பிக்கை வைக்க முடியாது என்றார் ஒருவர். பேசுகிற சுவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்றார் இன்னொருவர். நாற்காலிகள் தூக்கப்பட்டன. கடைசியில் மாதிரி இன்னும் பெரிதாக இருந்தால் தெளிவு பிறக்கும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. சனிக்கிழமை பெயின்டர்கள் வந்து பூசினார்கள். ஒவ்வொரு தடவையும் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இப்போது சுவரில் பூச இடமே இல்லை. இடப்பக்கம் முழுக்கத் தோசைக்கல், வலப்பக்கம் முழுக்க வடைச்சட்டி.

ஞாயிறு வந்தது. ஈஜிபுரா வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு ஓட்டைகூட இல்லை என்று எங்களைப் பாராட்டினார். சிந்தியா மாதா படத்தை டெம்போவில் ஏற்ற விடாமல், பெட்ஷீட்டோடு தன் மடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள்.

கேட்டில் எங்கள் இருவரை மட்டும்தான் விட்டார்கள். டெம்போ வெளியே. நாங்கள் மாடி ஏறுவதற்குள் எரிக் போன் செய்தான்.

"மாமா, செக்யூரிட்டி ஏதோ சர்டிபிகேட் கேக்குறான். பின்னாடி தண்ணி லாரி நின்னுட்டு ஹாரன் அடிக்கிறான். ஃபாதரும் வந்துட்டாரு. விசிட்டர் ஆப்ல அவர் பேரு இல்லையாம், அதனால வண்டியில முன் சீட்ல உக்கார வச்சிருக்கேன். தீர்த்தச் செம்போட உக்காந்திருக்காரு மாமா, அக்காகிட்ட சொல்லுங்க."

எங்கள் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. இறுதிப் பார்வையிடல். காரிடாரில் நீலர் ஒரு பக்கம், பழுப்பர் ஒரு பக்கம். அச்யுத் கோட்டு போட்டு வந்திருந்தார். கவியரசன் கையில் சான்றிதழும் பேனாவும் இருந்தன. சிந்தியா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"மாதிரிகளை ஒப்பிடலாம். முதல்ல, எது எந்தப் பக்கம் முடியுதுன்னு பதிவு பண்ணிக்குங்க" என்றார் அச்யுத்.

கவியரசன் சுவரைப் பார்த்தார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். போன் டார்ச்சை அடித்தார்.

"மேடம், பார்டர் எங்க இருக்கு?"

"இங்கதான்" என்று நிருபமா ஓர் இடத்தில் விரல் வைத்தார். அச்யுத் இரண்டு முழம் தள்ளி விரல் வைத்தார். நீலர் தலைவர் ஒருவர் பாய்ந்து வந்து, முழுச் சுவரும் நீலம்தான், வலப்பக்கம் பூசவே இல்லை என்றார். பழுப்பர் ஒருவர் நேர்மாறாகச் சத்தியம் செய்தார். ஒருவர் தன் கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து நடந்து பார்த்தார், கன்னம்தான் கறுத்தது. அந்தக் கன்னத்தின் அண்டர்டோன் என்ன என்று இரண்டு பேர் அதைப் பிடித்து ஆராய்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"இது புது வெளிச்சம்!" என்றார் நிருபமா. "புது வெளிச்சம்னா புது அப்ளிகேஷன்."

"பார்டரே இல்லைன்னா ஒப்பீடு செல்லாது. எல்லாம் முதல்லேர்ந்து" என்றார் அச்யுத். கவியரசன் பேனாவை மூடினார்.

நான் சிந்தியாவைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனை வீட்டுக்காரர்களை அவள் பொறுத்திருப்பாள், ஒரு தடவைகூட அழுததில்லை. இப்போது சொந்த வீட்டு வாசலில் அழுகிறாள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், படத்தை என் கையில் கொடுத்தாள்.

"பார்டர்தானே வேணும்? நான் காட்டுறேன். மேடம், உங்க வீட்ல சுத்தி இருக்கா? எங்களுது வண்டியில மாட்டிக்கிச்சு."

"சுத்தியா? இருக்கு, நீங்க இருங்க, நானே..."

நிருபமா பதறிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவை ஒரு சாண் திறந்து, பக்கவாட்டில் உடம்பை நுழைத்தார். வார்டில் முரண்டு பிடிக்கிற நோயாளிகளின் கட்டிலருகே நுழைந்து பழகியவள் சிந்தியா. அவர் மூடுவதற்குள் உள்ளே போய்விட்டாள். கதவு விரியத் திறந்துகொண்டது. அந்தக் கட்டடத்தில் ஒருவர் வீட்டை மற்றவர் பார்த்ததே இல்லை அல்லவா? மொத்தக் காரிடாரும் கோஷ்டி பேதம் மறந்து எட்டிப் பார்த்தது.

நிருபமாவின் ஹால் சுவரில் வண்ணமே இல்லை. வெறும் பட்டி பூசிய வெள்ளை, அதன்மேல் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்னக் கட்டங்கள். சாம்பல், கருஞ்சாம்பல், இன்னும் கொஞ்சம் சாம்பல். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. சோபாவுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

 நிருபமா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பிளாஸ்டிக் உறைமேல் உட்கார்ந்தார். அது கரகரவென்றது.

"ஏழு வருஷம் ஆச்சு" என்றார். "டிசைட் ஆகல. என் அப்ளிகேஷனை நானேதானே ரிஜெக்ட் பண்ணணும்? ஒவ்வொரு தடவையும் அண்டர்டோன் சரியில்ல."

சிந்தியா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினாள். "அண்டர்டோன் கிடக்கட்டும் மேடம். உங்களுக்கு என்ன கலர்தான் புடிக்கும்?"

நிருபமா காரிடாரைப் பார்த்தார், அச்யுத்தைப் பார்த்தார், குரலை இறக்கினார்.

"மஞ்சள். நல்ல மாம்பழ மஞ்சள்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. எனக்கோ குதிக்க வேண்டும்போல் இருந்தது. இந்தக் கட்டடத்தில் முதல்முதலாக எனக்குத் தெரிந்த ஒரு நிறத்தின் பெயர் காதில் விழுகிறது! "நம்ம அணி மேடம் நீங்க!" என்று கத்தியேவிட்டேன்.

சிந்தியா சுத்தியலை வாங்கிக்கொண்டு எங்கள் ஹாலுக்குள் வந்தாள். கைப்பையைத் திறந்து ஓர் ஆணியை எடுத்தாள். ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிய அன்றைக்கு வாங்கிய கான்கிரீட் ஆணி. பஸ் பாஸோடும் ஜெபமாலையோடும் அது அத்தனை நாளாக அந்தப் பையில் சுற்றிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. சுவரின் நடுவைக் கண்ணால் அளந்து, ஆணியை வைத்து ஓங்கினாள்.

"நிறுத்துங்க!" அச்யுத் அலறினார். "சுத்தியல் சத்தம் பொதுச்சத்தம்! அதுக்கு அதிர்வு உட்குழுவுல..."

"அதிர்வு உட்குழு இன்னும் அமைக்கல ஸார்" என்றார் கவியரசன்.

"அப்ப உடனே அமைக்கணும்! கோரத்துக்கு ஆள் இருக்கா பாருங்க!"

அவ்வளவுதான். நீலர் தங்கள் ஆளே தலைவராக வேண்டும் என்றார்கள், பழுப்பர் விடமாட்டோம் என்றார்கள், ஒரிஜினல் நீலர் வெளிநடப்புச் செய்யப் பார்த்தார்கள், ஓடிக்கொண்டிருந்த ஒரு லிஃப்டும் கரண்டோடு நின்றுவிட்டதால் திரும்பி வந்தார்கள். கீழே டெம்போவும் தண்ணீர் லாரியும் சேர்ந்து ஹாரன் அடித்தன. அத்தனை கூச்சலில் சிந்தியாவின் கை ஓங்கியபடியே நின்றது. எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினேன்.

"வரிசை! உயரப்படி வரிசை!"

மனிதர்கள் எவ்வளவு படித்தாலும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் நின்றவர்கள்தானே. நீலரும் பழுப்பரும் ஒரு நொடியில் கலந்து, முட்டி மோதி, காரிடார் நீளத்துக்கு வரிசையாகிவிட்டார்கள். ஓடி வந்த நிருபமா குள்ளம் என்பதால் முதலில் நின்றார், நெட்டையான அச்யுத் கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டு கடைசிக்குப் போனார். ஒரு கை தூரம் விட்டார்கள். ஒருவர் தன் செருப்பு வாரைக்கூடச் சரிசெய்தார்.

"அட்டென்ஷன்! கவியரசன், கேட்டுக்குப் போன் பண்ணு. டெம்போ உள்ள வரணும். தண்ணி லாரி உள்ள வரணும். ஃபாதர் உள்ள வரணும்."

"எஸ் ஸார்!" என்றார் அந்தப் பெரிய மேனேஜர். போன் பேசி முடித்தார். நான் கேட்காமலேயே சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

டங்.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாவது தரம். சுத்தியல் சத்தம் மாடிமாடியாக இறங்கிப் போயிற்று. சிந்தியா வரிசையின் பக்கம் திரும்பினாள்.

"நல்லா பாத்துக்குங்க. இதுதான் பார்டர். ஆணிக்கு இந்தப் பக்கம் தோசைக்கல்லு, அந்தப் பக்கம் வடைச்சட்டி."

அவர்கள் பார்த்தார்கள். ஆணியின் இரு புறமும் மாறி மாறிப் பார்த்தார்கள். "ஆமா, இப்ப தெரியுது!" என்றார் ஒருவர். "எவ்வளவு வித்தியாசம்!" என்றார் இன்னொருவர். அச்யுத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் இரண்டாம் முறை ஊதினேன், கலையச் சொன்னேன். எங்கே தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று வாளி எடுக்க ஓடினார்கள். கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினதால், காரிடார் முழுக்க எல்லார் வீட்டுச் சுவரும் தெரிந்தது. எல்லாம் கட்டட முதலாளி பூசிக்கொடுத்த அதே வெள்ளைதான்.

கூட்டம் போனதும் பெட்ஷீட்டை அவிழ்த்தோம். நான் பிடித்துக்கொள்ள, சிந்தியா படத்தை மாட்டினாள். அந்த இருட்டுச் சுவரில் பொன்முலாம் அப்படி ஜொலித்தது.  படிக்கட்டில் எரிக் பீரோவோடு மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஃபாதர் செம்போடு பின்னால் வருகிறார். உட்கார ஒரு நாற்காலிகூட இன்னும் வந்து சேரவில்லை.

"பீரோ உள்ள வர்றப்ப படத்துல இடிச்சிடப் போகுது. படத்தை இறக்கி அந்த ஜன்னல் திட்டுல வச்சிட்டு, பீரோ வந்ததும் எல்லாத்தையும் ஒழுங்கா மாட்டிக்கலாமே?" என்றேன்.

சிந்தியா கதவை இன்னும் விரியத் திறந்துவிட்டு, காரிடாரில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடாதீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து படுத்தே கெடந்தாங்க. இப்பத்தான் எழுந்து நிக்கிறாங்க" என்றாள்.